ஆறு பொட்டலம் பாசி

உச்சி வெயில் நேரம். குமராட்சியைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போகிற வாய்க்கால் ரோடு. மினி பஸ் போய்விட்டது... அடுத்தது எப்போது வருமோ தெரியாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. ஒரு காக்கை கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு தனியாக நடந்து போகிறாள். தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு கத்தி.

என்ன, முறைக்கிறீர்கள்? பேய் என்றால் நடுராத்திரிதான் வரவேண்டும் என்று எவன் எழுதிக் கொடுத்தான்? நான் சொல்லப்போவது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இந்த மண்டபத்தில் கரண்ட் போனதற்கு நான் என்ன செய்ய? குறிஞ்சிப்பாடி முழுக்க இருட்டுதான். கத்தரிக்காய் நறுக்குகிறவர்கள் நறுக்கிக்கொண்டே கேளுங்கள், விரல் பத்திரம். அப்புறம், யாராவது எழுந்து அந்தத் தண்ணீர் டிரம்மின் குழாயை இறுக மூடுங்கள். சொட்டு... சொட்டு என்று... இந்தக் கதை சொல்லும்போது எனக்கு அந்தச் சத்தம் ஆகாது.

இது என் தோழி ஜான்சியின் சித்தி சவரியம்மாள் கண்ணால் பார்த்தது. அப்போது அவருக்குக் குடிகாட்டில் வீடு. சித்திக்குக் கதை கட்டத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார், அவ்வளவுதான். குடை பிடித்துப் போனாளே, அவள் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண். பெயர் ஸ்ரீமதி. அப்பா இல்லை. அம்மா லோகநாயகி ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துத்தான் மகளை பி.எச்டி. வரைக்கும் படிக்க வைத்தாள்.

சிதம்பரம் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அங்கே ஸ்ரீமதியின் ஆராய்ச்சி பாசியில். குளத்தில் மிதக்குமே, அது இல்லை. மழைக்காலத்தில் செங்கல் சுவரிலும் கிணற்று உள்பக்கத்திலும் பச்சையாக, மெத்தென்று படருமே, அது. சிரிக்காதீர்கள். அதற்கென்று உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். செடிகொடிகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்துகிற இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். பூச்செடி என்றால் அட்டையில் ஒட்டுவார்கள். பாசியை அப்படி ஒட்ட முடியாது. நன்றாகக் காயவைத்து, காகிதத்தை மடித்துப் பொட்டலம் கட்டி, இரும்பு அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். அது அங்கேயே சுருண்டு கிடக்கும். ஆனால் பாருங்கள்... பல வருடம் கழித்து எடுத்தாலும், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் போதும். மெல்ல விரியும். பச்சை ஏறும். நேற்றுப் பறித்ததுபோல உட்கார்ந்திருக்கும்.

அந்த ஒரு சொட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீமதிக்குக் கெடு முடியப்போகிறது. அவளுடைய கைடு முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "இந்த வருஷத்துக்குள்ள இதுவரைக்கும் யாரும் பாக்காத பாசி ஒண்ணு கொண்டா. இல்லன்னா தீசிஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூட்டையக் கட்டிகிட்டு வீட்டுக்குப் போ."

அதே லேபில் அவளுக்கு ஒரு ஜூனியர், வெண்மதி. குமராட்சிப் பக்கத்துப் பெண். அம்மா கொளஞ்சியம்மாள் நாற்று நடப் போகிறவர். அந்த வெண்மதி ஒருநாள் போனில் ஒரு போட்டோவைக் காட்டினாள். வாய்க்காலில் ஒரு பழைய செங்கல் மதகு. அதன் உள்சுவரில் பாசி. ஓர் ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே படர்ந்திருந்தது.

"யக்கா, இந்தப் பாசி எந்த புக்குலயும் இல்லக்கா. நான்தான் தேடித் தேடிப் பாத்துட்டேன். அடுத்த வாரம் கொஞ்சமா எடுத்துட்டு வந்து கைடுகிட்ட காட்டணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அப்புறம் ஒன்று சேர்த்துக்கொண்டாள். "இத எங்க ஊர்ல காய விட மாட்டாங்கக்கா. கோடையில கூட வேலைக்குப் போறவங்க ரெண்டு கை தண்ணி அள்ளித் தெளிச்சிட்டுத்தான் போவாங்க. ஏன்னு கேட்டா எங்கம்மா திட்டும்."

"நான் ஏண்டி சொல்லப் போறேன்?" என்றாள் ஸ்ரீமதி.

மறுநாளே மினி பஸ் ஏறிவிட்டாள். சின்னப் பெண் நம்பிக் காட்டியதை இவள் திருடப் போனாள், அவ்வளவுதான் விஷயம். இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை.

பாசி எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளங்கை அளவு எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வேண்டும். அது திரும்பப் படரும். ஸ்ரீமதியும் முதலில் உள்ளங்கை அளவுதான் எடுத்தாள். அப்புறம் யோசித்தாள். மீதியை விட்டால் அடுத்த வாரம் வெண்மதி கத்தியோடு வருவாள்... நான்தான் முதலில் பார்த்தேன் என்பாள். சுரண்ட ஆரம்பித்தாள். கர்... கர்... காலில் இருந்து மேலே. தொடை, வயிறு, பின்னால் போன கைகள். ஈர மண் வாடை முதலில் வந்தது. மேலே போகப் போக வேறு வாடை... வெயிலில் ரொம்ப நேரம் நின்றவன் மேல் வருமே, அந்த வியர்வை வாடை. அவள் நிறுத்தவில்லை. முகம் இருந்த இடத்தையும் வழித்து எடுத்தாள். அங்கே செங்கல் ஈரமே இல்லாமல், அடுப்புக் கல் மாதிரி சுட்டது. சுவருக்குள் இருந்து ஒரு சத்தம். விழுங்க எச்சில் இல்லாமல் யாரோ விழுங்கப் பார்க்கிற சத்தம். கிளக்... அவ்வளவுதான்.

திரும்பினால், புல்லுக்கட்டோடு கொளஞ்சியம்மாள் நிற்கிறார். வெண்மதியின் அம்மா என்று ஸ்ரீமதிக்குத் தெரியாது. அவருக்கும் இவள் யாரென்று தெரியாது.

"என்னாம்மா பண்ணி வெச்சிருக்க? எங்க அவரு?" கட்டு கீழே விழுந்தது. "ஏதோ ஒரு கோடையில, வாழைத்தார் திருடினான்னு ஒரு வெளியூர் ஆள இதுல கட்டிப் போட்டாங்கம்மா. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. தண்ணி தண்ணின்னு கத்தினாராம். கட்டினவனுக்குப் பயந்துகிட்டு ஊர்ல ஒருத்தரும் குடுக்கல. செத்துட்டாரு. அப்புறம் தண்ணி தொறந்து வுட்டப்ப, செவுத்துல அவரு நின்ன மாதிரியே பாசி வந்துச்சு. கேட்டப்ப குடுக்கல. அதான் இப்ப கேக்காமலே குடுக்கறோம். காய வுட்டுடாதம்மா. எடுத்தத அதே எடத்துல அப்பி ஒரு கொடம் தண்ணி ஊத்திடு. புண்ணியமாப் போவும்."

"சரிங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஸ்ரீமதி. தூரத்தில் மினி பஸ் ஹாரன் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஹெர்பேரியத்தில் முதல் வேலை என்ன? சொன்னேனே... காயவைப்பது.

ஹாஸ்டல் அறையில் செய்தித்தாளுக்கு நடுவே பாசியைப் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வைத்தாள். நனைந்த தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இவள் பிரித்துப் பார்த்தால் தாள் நனையவே இல்லை. பாசி மட்டும் காய்ந்துகொண்டே வந்தது. பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் காலி. ஒருநாள் அறையைத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். பளபளவென்று ஈரத் தரை. அந்த ஈரத்தில் வாசற்படியில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காலடி விழுந்தது. ஈரத் தரையில் காய்ந்த காலடிகள். மெதுவாக வந்தன... அவள் கட்டிலுக்குக் கீழே வந்து நின்றன. திரும்பிப் போகவில்லை.

பயந்தாளா என்றால், பயந்தாள்தான். ஆனால் தீசிஸ் பெரிதாயிற்றே.

பாசியை ஆறு பொட்டலமாகப் பிரித்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேறு வேறு ஊர் ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவது அவர்கள் முறை. இங்கே தீப்பிடித்தாலும் அங்கே இருக்கும் என்ற கணக்கு. ஒன்று இங்கே அலமாரிக்குப் போயிற்று. ஐந்து தபாலில் கடல் கடந்து போயின. கைடுக்கு வாயெல்லாம் பல். "வேற எங்கயும் கிடைக்காதாம்மா?" என்று கேட்டார். "கிடைக்கவே கிடைக்காது சார்" என்றாள். துறையில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். வெண்மதி முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. எவ்வளவு தங்கமான பெண் என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காய வெச்சிட்டீங்களாக்கா?"

அதற்குப் பிறகு ஸ்ரீமதிக்குத் தாகம். சாதாரணத் தாகம் இல்லை. குடிக்கக் குடிக்க நாக்கு ஒட்டியது. வேர்ப்பது நின்றது. அழுதால் கண்ணில் ஒன்றும் வரவில்லை. "யம்மா, தாகமா இருக்குதும்மா" என்று போன் செய்துவிட்டுக் குடிகாட்டுக்கே வந்துவிட்டாள். மதகில் நடந்ததையும் ஹாஸ்டலில் நடந்ததையும் அம்மாவிடமும் சவரியம்மாளிடமும் அப்போதுதான் கொட்டினாள். தண்ணீர் கேனை அப்படியே தூக்கி வாயில் கவிழ்ப்பாளாம். சவரியம்மாளும் தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஒரு மத்தியானம் லோகநாயகி சற்றுக் கண் அயர்ந்துவிட்டாள். மடக்... மடக்... என்று யாரோ குடிக்கிற சத்தம் கேட்டு விழித்தாள். மகள்தான் குடிக்கிறாள் என்று பார்த்தால், அவள் வாய் மூடியிருக்கிறது. கண் மட்டும் திறந்திருக்கிறது. சத்தம் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்து வருகிறது. மடக்... மடக்... மடக்...

அம்மா தொட்டதும் சத்தம் நின்றது. மகள் காய்ந்துவிட்டாள்.

செத்துவிட்டாள் என்று சொல்லவில்லை, காய்ந்துவிட்டாள் என்றேன். கையும் காலும் உள்பக்கமாகச் சுருண்டு, நிறம் பழுத்து, தூக்கினால் கனமே இல்லாமல். டாக்டர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல உருண்டு கீழே விழுந்தது. ஒரு பொட்டு கூட உள்ளே இறங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் காலையில் அவளுடைய இடது கால் நனைந்தது.

கால் மட்டும். யாரும் தண்ணீர் தொடவில்லை. சுருண்ட பாதம் மெல்ல விரிந்தது, ரத்தம் ஏறியது, விரல்கள் அசைந்தன. லோகநாயகி கத்திய கத்தலில் சவரியம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அவரும் தொட்டுப் பார்த்தார். சுடச்சுட, உயிருள்ள கால். ஓர் உலை கொதிக்கிற நேரம் இருந்தது. அப்புறம் பழையபடி காய்ந்து சுருண்டுவிட்டது.

அன்று சாயங்காலம் வெண்மதி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். "யம்மா... இன்னிக்குக் காலையிலதான் கைடு எங்ககிட்ட இருக்கற பொட்டலத்தப் பிரிச்சி நனைச்சாரு" என்றாள். மறுநாள் லேபில் இருந்து போன் செய்தாள். "பக்கத்துல இருங்கம்மா. இப்ப ஒரு சொட்டு வுடறேன்... நனையுதா?" லோகநாயகியின் கண் முன்னாலேயே மகளின் கால் விரிந்தது. போனைப் பிடித்துக்கொண்டே அழுதாள். "நனையுதுடி கண்ணு... நனையுது... வெரல ஆட்டறா..."

அன்றிலிருந்து அந்தத் தாய்க்கு வெண்மதிதான் தெய்வம்.

வெளிநாட்டுக்குப் போனவையும் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ பொட்டலத்தைப் பிரிப்பான். இங்கே குடிகாட்டில் வலது கை மலரும். இன்னொரு ஊரில் பிரித்தால் இடது கை. இன்னொரு ஊர் வலது கால். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள், அதுவும் அவளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒருமுறை வலது கை காய்ந்த பிறகு பார்த்தால், விரல்களில் மயிரிழை போலக் கோடுகள். வரிசையாக, நெருக்கமாக. ரத்தம் இல்லை. வெள்ளரிக்காயைச் சீவுவதுபோல யாரோ சீவிப் பார்த்திருக்கிறார்கள்.

வெண்மதிதான் பொறுமையாக விளக்கினாள். "காஞ்ச பாசிய வெட்ட முடியாதும்மா, நொறுங்கிடும். நனைச்சி, அது நல்லா விரிஞ்சப்புறம், பிளேடால மெலிசா சீவி மைக்ராஸ்கோப்புல வெச்சிப் பாப்பாங்க. அதான் மொற. வேணும்னு செய்யறதில்லம்மா. அவங்களுக்கு அது வெறும் பாசி."

இப்போது புரிகிறதா அந்தத் தாயின் பாடு? யாராவது நனைத்தால்தான் மகளுக்கு உயிர். நனைக்கிறவன் சும்மா பார்த்துவிட்டு வைக்கமாட்டான். நனைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். நனைந்ததும் ஐயோ என்று அடித்துக்கொள்வாள். ஒருநாள் கண் இரண்டும் நனைந்தன. ஸ்ரீமதி அம்மாவைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்து பார்த்தாள், சவரியம்மாள் சத்தியம் செய்கிறார். அப்புறம் அந்தக் கண்கள் அம்மாவை விட்டுவிட்டு மேலே பார்த்தன... எதுவோ மெல்லக் கீழே இறங்கி வருவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தன...

யாரது, கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தியது? சரி, நிறுத்துங்கள். நானும் அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

லோகநாயகி குமராட்சிக்குப் போய்க் கொளஞ்சியம்மாளிடம் அழுதாள். "ஆறையும் கொண்டாந்து அந்தச் செவுத்துல அப்பித் தண்ணி ஊத்துனா, ஒருவேளை அவரு உம்பொண்ண வுட்டுடுவாரு. ஒண்ணு ரெண்டு கொண்டாந்தா எதுக்கும்மா ஆவும்?" என்றார் அவர். கைடிடம் போய்க் காலில் விழுந்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது வாய். அந்தப் பொட்டலத்தை மட்டும் இதுவரைக்கும் யாரும் பிரிக்கவில்லை. அது ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்து ஹெர்பேரியத்தில் இருந்தது. அந்த இடத்திலேயே வெண்மதிக்கு வேலை கிடைத்தது.

லோகநாயகிக்குக் கடவுளே கண் திறந்த மாதிரி. மகளைப் பேச வைத்துவிடலாம், ஒவ்வொன்றாக மீட்டுவிடலாம் என்று நம்பினாள். புறப்படுகிற அன்று வெண்மதி விடைபெற வந்தாள். பொட்டலத்தைச் சுற்றிக் கொண்டுவர லோகநாயகி ஒரு மஞ்சள் துணியைக் கொடுத்தாள். "எம்பொண்ணு உனக்குப் பண்ணது பெரிய துரோகம்டி. எனக்குத் தெரியும். அத மனசுல வெச்சிக்காத." வெண்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேம்மா. போன ஒடனே மொதல் வேலையா அத எடுக்கறேன்." குனிந்து, சுருண்டு கிடந்த ஸ்ரீமதியின் காதில் சொன்னாள். "வரேன்க்கா."

ஒரு மாதம் போயிற்று. ஒரு சாயங்காலம், சவரியம்மாள் டீ போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வெளியே இன்னும் வெளிச்சம். லோகநாயகி வழக்கம்போல மகள் தலைமாட்டில் இருந்தாள். அப்போது உதடு நனைந்தது. வெடித்துக் கிடந்த உதடு ஒட்டிக்கொண்டது, சிவந்தது. உள்ளே நாக்கு புரண்டது. முதல் மூச்சு வாயால் வந்தது... பழைய காகித வாடையோடு.

சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். லோகநாயகி மகள் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள். "ஸ்ரீ... எம்மா ஸ்ரீ... வெண்மதி எடுத்துட்டாளாடி? உன்ன வூட்டுக்குக் கொண்டாறாளா?"

அந்த வாய் திறந்தது.

"யம்மா... வெண்மதிதாம்மா... பிளேடு எடுத்துட்டா..."

டீ டம்ளர் கீழே விழுந்தது என்றார் சித்தி. அப்புறம் கேட்டதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறு வாரமே அந்தத் தெருவை விட்டு வேறு ஊருக்கு வீடு மாறிவிட்டார். ஒன்றை மட்டும் சொன்னார். மற்ற நாட்களில் ஓர் உலை கொதிக்கிற நேரத்தில் ஈரம் காய்ந்துவிடும், அவள் அடங்கிவிடுவாள். அன்றைக்கு இருட்டியது, விடிந்தது, மறுநாள் உச்சி வெயிலும் வந்தது. வாய் ஈரமாகவே இருந்தது.

வெண்மதி அதைக் காய விடவே இல்லை.